நாலாவது வரியில் ஒரு குழி

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு சீல் பார்க்கிற வேலை. கன்டெய்னர் கதவில் கட்டைவிரல் தடிமனுக்கு ஓர் ஆணிப்பூட்டு மாட்டி, அதில் எண் போட்டிருப்பார்கள். அதைத்தான் சீல் என்போம். பேப்பரில் இருக்கிற எண்ணும் பூட்டில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா, வழியில் எவனாவது அறுத்துவிட்டுப் பசை போட்டு ஒட்டியிருக்கிறானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன். துருப்பிடித்து, சேறு அப்பி வருகிற சீலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பிவிடுவேன். பளபளவென்று ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தால்தான் எனக்கு மூக்கில் வேர்க்கும். இறங்கி, டார்ச் அடித்து, ஆட்டிப் பார்ப்பேன்.

"யார்டுல பாக்குற பார்வைய வூட்டுக்கு எட்த்துகினு வராத" என்பாள் என் மனைவி. மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டினாலும் நம்ப மாட்டேன், மகள் சம்பளம் ஏறியது என்றாலும் நம்ப மாட்டேன் என்று அவளுக்குக் குறை. ஆனால் அவள் சொல்வது தலைகீழ். யார்டு எனக்கு சந்தேகப்படக் கற்றுத்தரவில்லை. நான்தான் அதைக் கையோடு கொண்டுபோய் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அது ஒரு கேசட்டோடு வந்தது.

அப்போது நாங்கள் ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம் இருந்தோம். நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருந்தோம். கல்யாண ரிசப்ஷன்களில் ஆங்கில ராக் பாட்டுகள் வாசிப்போம். எல்லாரும் ஒரே மாதா கோயில் பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். நான் பேஸ் கிட்டார். முன்னால் நின்று பாடியவனை எல்லாரும் லீடு என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அவனும் நானும் ஒரே தட்டில் பிரியாணி சாப்பிடுகிற தோஸ்து.

எங்கள் கோயில் பங்கில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேரல் பாட்டுப் போட்டி நடக்கும். பங்கு மக்களைத் தெருவாரியாக அன்பியம் அன்பியமாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வோர் அன்பியமும் சொந்தமாக ஒரு பாட்டு கட்டி மேடை ஏற வேண்டும். கட்டுவது பெரிய காரியம் இல்லை, கட்டிய மெட்டைப் போட்டி நாள்வரை காப்பாற்றுவதுதான் பாடு. கல்மண்டபத்தில் ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் 'தேவ கிருபை' என்பார்கள். நவம்பர் முழுக்க ஜன்னலைச் சாத்தி, வேர்த்து விறுவிறுத்துப் பாடுவோம். ஜன்னலுக்கு வெளியே அடுத்த அன்பியத்து ஆள் செருப்புத் தைக்கிற சாக்கில் உட்கார்ந்திருப்பான்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒத்திகையில் ஓர் இடத்தை வேண்டுமென்றே தப்பாகப் பாடுவோம். மெட்டு ஏற வேண்டிய இடத்தில் இறக்கிவிடுவோம். மேடையில் மட்டும் சரியாகப் பாடுவோம். அந்தத் தப்புக்குக் குழி என்று பெயர். எவனாவது திருடினால் குழியோடுதான் திருடுவான், அப்போது பிடித்துவிடலாம். ஒரு வருடம் அப்படியே நடந்தது. பின்தெரு அன்பியம் எங்களுக்கு முன்னால் மேடையேறி எங்கள் மெட்டையே பாடியது. பாலன் பிறக்கிற வரியில் மெட்டு தொபுக்கென்று கீழே விழுந்தது. லீடும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, முன்வரிசையிலிருந்து ஃபாதர் திரும்பி முறைத்தார். எங்கள் முறை வந்தபோது சிரிப்பு அடங்காமல் நாங்களும் சரியாகப் பாடவில்லை. பரிசு வேறு யாருக்கோ போனது.

பிறகு நாங்கள் தமிழில் சொந்தப் பாட்டு எழுதி ஒரு கேசட் போட்டோம். எட்டுப் பாட்டு. அதில் துறைமுகத்து கிரேன்களைப் பற்றிய பாட்டு என்னுடையது, சொல்லும் மெட்டும். கேசட் அச்சாகி வந்த அன்று அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். பாடல்கள், இசை என்ற இடத்தில் லீடின் பெயர் மட்டும் இருந்தது. எங்கள் மூன்று பேரையும் அடியில், உடன் வாசித்தவர்கள் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. "பிரின்டர் தப்பு மாமு. அட்த்த தபா அடிக்கசொல்ல மாத்திக்கலாம்" என்றான். அடுத்த தபா அடிக்கவே இல்லை. நான் அவனோடு பேசுவதை நிறுத்தினேன், பேண்டு கலைந்தது. அவன் கூவத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் பெயர் வாங்கினான். நான் யார்டுக்குப் போனேன். முப்பது வருடம் ஆகப்போகிறது. அவன் பாடிய பாட்டை டீக்கடையில் போட்டால் நான் பாதி டீயோடு எழுந்து வந்துவிடுவேன்.

இந்தக் கதையை நான் சாப்பாட்டோடு சேர்த்து ஊட்டித்தான் என் மகளை வளர்த்தேன். யாரையும் நம்பாதே, எங்கேயும் உன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். இப்போது அவளுக்கு இருபத்துநாலு. அண்ணா சாலைப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. நாங்கள் விம்கோ நகருக்குக் குடிவந்த பிறகு மெட்ரோ அவளுக்கு வசதியாகிவிட்டது. வீட்டில் இருக்கும் நேரத்தில் துணி அலமாரியைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவே மைக்கை வைத்து, தலையை உள்ளே விட்டுப் பாடுவாள். புடவை எதிரொலியைக் குடித்துவிடுமாம். நாங்கள் வீட்டில் பேசுகிற பாஷையிலேயே பாப் பாட்டு. இரண்டு பாட்டுகளை இணையத்தில் போட்டிருந்தாள், கேட்டவர்கள் நல்லதாகச் சொன்னார்கள். எனக்கு அதுவும் சந்தேகம்தான்.

புதுப் பாட்டுகள் இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. வெள்ளி காலை யார்டில் டிரெய்லர்கள் வரிசை கட்டும் முன்னால் நான் காதில் மாட்டிக்கொள்வேன். தாடி நரைத்த ராக் ஆட்கள் பல வருடம் கழித்துப் புது ஆல்பம் போட்டால், பழைய சரக்குக்குப் புது சீல் என்று நினைப்பேன். சின்னப் பிள்ளைகள் முதல் ஆல்பம் போட்டால், பாடுவது பிள்ளையா கம்ப்யூட்டரா என்று பார்ப்பேன். பிடித்துப்போனால் இன்னும் மோசம். இதை எங்கிருந்து எடுத்தான் என்று அன்று முழுவதும் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பேன். ஒரு பாட்டைப் பாட்டாகக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது என்று எனக்கே தெரியாது.

அப்படி இருக்கும்போதுதான் லீடு புது ஆல்பம் போடுகிறான் என்று செய்தி வந்தது. பதினைந்து வருட இடைவெளிக்குப் பிறகு. வடசென்னையைப் பற்றிய ஆல்பமாம். இங்கிருந்து ஓடிப்போனவனுக்கு இப்போது இந்த ஊர்மேல் திடீரென்று என்ன பாசம் என்று நான் மனைவியிடம் கேட்டேன். அவள் குழம்பைக் கிளறினாள்.

அதே வாரத்தில் மகள் போனை நீட்டினாள்.

"நைனா, யாரு மெசேஜ் பண்ணிகீறாங்க பாரு."

லீடு. அவளுடைய இரண்டு பாட்டையும் கேட்டானாம், ரொம்பப் பிடித்ததாம். ஆல்பத்துக்கு ஒரு பாட்டு எழுதி மெட்டுப் போட்டுத் தருவாயா, நான் பாடுகிறேன், உன் பெயரைப் போடுகிறேன் என்று எழுதியிருந்தான்.

"நீ என் பொண்ணுன்னு வரானா, பாட்டு புடிச்சி வரானா?"

"நான் உன் பொண்ணுன்னு அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன். நீயும் சொல்லக்கூடாது. பாட்டு நிக்கணும்னா அதுவா நிக்கட்டும்."

இதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பெரிய ஆல்பம் ஒன்றில், எழுத்து இசை என்ற இடத்தில், யாருடைய தயவும் இல்லாமல் அவள் பெயர் ஒன்று. அதற்காக அவள் ஒரு மாதம் உட்கார்ந்து அந்தப் பாட்டைச் செய்தாள். ரயில்வே கேட் பாட்டு. கூட்ஸ் வண்டி முடியவே முடியாமல் போய்க்கொண்டிருக்கிறது, மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பெண்ணும் ஒரு பையனும் முன்பின் தெரியாமல் நிற்கிறார்கள். நாலாவது வரியில், "நானும் நீயும் மட்டும் நின்னுகினு கீறோம்" என்ற இடத்தில், மெட்டு ஒரு படி மேலே ஏறி அங்கேயே தொங்கும். கீழே இறங்கவே இறங்காது. சமையலறையில் நின்று முதல் தடவை கேட்டதும் இன்னொரு தடவை பாடச் சொன்னேன். என் பெண் இதை எங்கிருந்தும் எடுக்கவில்லை. என் வாழ்நாளில் நான் சந்தேகப்படாமல் கேட்ட ஒரே பாட்டு அதுதான்.

சந்தேகம் முழுக்க லீடு பக்கம் திரும்பியது. ஒப்பந்தம் என்று போனுக்கு ஒரு பேப்பர் வந்தது. அவள் விரலால் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நான் அதை யார்டு பிரின்டரில் எடுத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரிவரியாகப் படித்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. அதனால் மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஆல்பம் வெளியாகிற வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருக்கும் பாட்டைப் போட்டுக்காட்ட மாட்டேன், உனக்கும் இல்லை, என் பெண்டாட்டிக்கும் இல்லை என்று அவன் எழுதியிருந்தான். இது என்ன கதை என்றேன். "எல்லாரும் அப்டித்தான் நைனா" என்றாள்.

முழு மெட்டையும் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். அந்த வாரம் பார்த்து அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் மொத்தமாக அனுப்புகிறதே எங்கள் பக்கத்துக்கு, தூசியையும் புகையையும். பேசினாலே காக்கா கத்துகிற மாதிரி இருந்தது. கெடு முடிய இரண்டு நாள்.

"நைனா, நீ கிட்டார்ல வாசிச்சி அனுப்பிடறியா? மெட்டு மட்டும். யாரு வாசிச்சதுன்னு கேட்டா ஒரு ஃபிரண்டுன்னு சொல்லிக்கறேன்."

லேப்டாப்பில் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அன்று எனக்கு லீவு. கட்டிலுக்கு அடியிலிருந்து கிட்டாரை எடுத்து, தந்தி மாற்றி, சுதி சேர்த்தேன். முதல் மூன்று வரியை ஒழுங்காக வாசித்தேன். நாலாவது வரி வந்ததும் கை நின்றது. இந்த இடம்தான் பாட்டின் உயிர். இதையா அவன் கையில் கொடுக்கப் போகிறேன்? அவன் தன் பெயரைப் போட்டுக்கொண்டால் எதை வைத்து நிரூபிப்பேன்?

குழி வைத்தேன். மெட்டு ஏற வேண்டிய இடத்தில் இரண்டு படி இறக்கி, கீழேயே படுக்க வைத்தேன். நான் அதை ஒரு பாதுகாப்பு என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அவன் பெயர் போடவில்லை என்றால், இதோ ஒரிஜினல், இதோ நாங்கள் வைத்த குழி, திருடன் குழியோடு எடுத்திருக்கிறான் என்று ஊரைக் கூட்டலாம். ஒழுங்காகப் பெயர் போட்டுவிட்டால்? அப்போது இவள் பாட்டு தப்பான மெட்டோடு வெளியே வருமே? அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. அவன் ஒழுங்காக நடந்துகொள்வான் என்பது என் கணக்கிலேயே இல்லை.

சாயங்காலம் வந்தவள், "அனுப்பிட்டியா?" என்று கேட்டாள். "அனுப்பிட்டேன்." வாசித்ததை அவள் போட்டுக் கேட்கவில்லை. அப்பா வாசித்தது, கேட்டுப் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள். எவ்வளவு அஜாக்கிரதையான பெண் என்று நான் மனதுக்குள் கடிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஆறரைக்கு யார்டு வாசலில் நின்று காதில் மாட்டினேன். ஐந்தாவது பாட்டு. லீடின் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, ஆனாலும் அவன் குரல். கூட்ஸ் வண்டி வந்தது, கேட் மூடியது. நாலாவது வரியில் மெட்டு கீழே இறங்கி, கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தது. என் குழி, அப்படியே.

மாட்டினான் என்று கத்த வாய் வந்தது. விவரம் பார்க்க ஓரத்திலிருந்த மூன்று புள்ளிகளை அழுத்தினேன். எழுத்து என்ற இடத்தில் என் மகள் பெயர், முழுதாக, தப்பில்லாமல். இசை என்ற இடத்திலும் அவள் பெயர். அதற்குப் பக்கத்தில் ஒரு கமா. கமாவுக்கு அப்பால் என் பெயர்.

முப்பது வருடமாக அச்சில் பார்க்க ஏங்கிய பெயர். சீல் எண்ணைப் பார்க்கிற மாதிரி எழுத்தெழுத்தாக மூன்று முறை பார்த்தேன். பின்னால் டிரெய்லர்காரன் ஹாரன் அடித்தான். அப்போதுதான் போன் மணி அடித்தது. தெரியாத நம்பர்.

"இன்னா மாமு, கேட்டியா?"

அவ்வளவு வருடம் கழித்தும் அவன் குரல் தெரிந்தது.

"உன் நம்பர் கோயில் ஆளுங்ககிட்ட வாங்கினேன். அந்தப் பொண்ணு அனுப்ன மெட்ட கேட்டுகினே இருக்கேன், நாலாவது வரில தொபுக்குன்னு உய்ந்துச்சி பாரு, எனக்கு சிரிப்பு தாங்கல. இந்த வேலைய பண்றவன் ஒலகத்துலயே ஒர்த்தன்தான் கீறான். கை வேற உன்து. அப்பதான் புரிஞ்சிச்சி, இது உன் பொண்ணுன்னு. எனக்கே குழி வெச்சிகீறான் பாரு கேப்மாரின்னு மொதல்ல கோவம் வந்துச்சி. அப்பால பாடிப் பாத்தேன். நல்லா கீது மாமு. ஸ்டுடியோல நாலு பேரு கேட்டாங்க, நாலு பேரும் அந்த எடத்ததான் சொன்னாங்க. சரி, அது உன் கை, உன் பேரப் போட்டுடலாம்னு போட்டேன்."

"என்கிட்ட கேட்டியா? அவகிட்ட கேட்டியா?"

"கேட்டா நீ வாணாம்னுவ." பிறகு அவனே சொன்னான். "அன்னிக்கு அட்டைல உன் பேர எட்த்தது நான்தான் மாமு. பிரின்டரு இல்ல. இத்தினி வருசம் தூக்கிகினே திரிஞ்சேன். இத்தோட எறக்கி வெச்சிட்டேன்."

அவன் இறக்கி வைத்துவிட்டான். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் பாதி ஆயுளைக் காத்திருந்தேன். நான் சந்தேகப்பட்டது சரிதான், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். ஆனால் எனக்கு சந்தோஷம் வரவில்லை. அவன் எடுத்ததைத் திருப்பி எங்கே வைத்தான் என்றுதான் நினைத்தேன். என் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். இனி அவள் யாரிடமும் போய், இது நான் தனியாகச் செய்தது என்று சொல்ல முடியாது. அப்பன் மெட்டுப் போட்டான், பெண் பெயர் வாங்கிக்கொண்டாள் என்று ஊர் சொல்லும். ஊருக்கு அது போதும். வரிசையில் முதலாவது டிரெய்லரின் சீல் எண்ணை இரண்டு முறை தப்பாக எழுதினேன்.

சாயங்காலம் மனைவி பாயசம் வைத்திருந்தாள். மகள் வந்து பையைக்கூட இறக்காமல் என் எதிரே நின்றாள்.

"நைனா, அவருக்கு போன் பண்ணியா நீ?"

"இல்ல."

"நான் இன்னார் பொண்ணுன்னு சொல்லி அனுப்ச்சியா?"

"இல்லம்மா."

"அப்ப உன் பேரு எப்டி வந்துச்சி?"

"ஏதோ தப்பா போட்டுகீறாங்க. டைப் பண்றவன் தப்பா இருக்கும்."

என் வாயிலிருந்து அது வந்ததை நானே கேட்டேன். பிரின்டர் தப்பு மாமு. அவன் அன்று இப்படித்தான் சொல்லியிருப்பான், யோசிக்கக்கூட நேரமில்லாமல், நாக்கு முந்திக்கொண்டு.

"சரி, அவரையே கேட்டுர்லாம்" என்று அவள் போனை எடுத்தாள். "நாலாவது வரிய வேற மாத்திட்டாரு. என்ன ஒரு வார்த்த கேக்காம என் பாட்ட நாசம் பண்ணிட்டாரு. நீ சொன்னது கரெக்ட்டு நைனா. அந்தாளு அப்டித்தான்."

நம்பர் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் மாத்தல. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். கேரல் போட்டியிலிருந்து காலையில் வந்த போன் வரைக்கும். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். நான் முடித்ததும் மகள் கேட்டது ஒன்றுதான்.

"அந்த எடம் மட்டுமா, வேற எங்கனா வெச்சிகீறியா?"

"அவ்ளோதான். சத்தியமா."

அவள் லேப்டாப்பைத் திறந்து, அன்று நான் வாசித்து அனுப்பியதைப் போட்டு, முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள். இரண்டு இடத்தில் நிறுத்திப் பின்னால் போய் மறுபடி கேட்டாள். நான் வாசித்ததை என் எதிரிலேயே உட்கார்ந்து சோதித்தாள். அந்த ஐந்து நிமிடம் நான் என்ன பாடுபட்டேன் என்று எழுதத் தெரியவில்லை.

"நாளைக்கே அவனாண்ட பேசி என் பேர எட்த்துட சொல்றேன்" என்றேன்.

"எட்த்துட்டு? அந்த எடம் யாருதுன்னு போடுவ? என்துன்னா?" லேப்டாப்பை மூடினாள். "காலைலேர்ந்து லேபுல அத்தினி பேரும் அந்த எடத்ததான் பாடிக் காட்றாங்க நைனா. எங்க புட்ச்ச இதன்னு கேக்குறாங்க. நான் சிரிச்சிகினே நிக்கிறேன். உன் பேரு அங்கயே கெடக்கட்டும். அது உன்துதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாயசத்தை யாரும் தொடவில்லை. மறுநாள் மனைவி அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு துணி அலமாரி துணி வைக்கிற அலமாரியாகிவிட்டது. மைக்கையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுங்கையூரில் ஒரு தோழி வீட்டுக்குப் போனாள். குப்பைமேட்டுப் புகையில் உனக்குத் தொண்டை என்ன ஆகும் என்று கேட்டேன். ஜன்னலைச் சாத்திக்கொள்வோம் என்றாள். என்னோடு சண்டையெல்லாம் இல்லை. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்பாள், யார்டுக் கதை சொன்னால் சிரிப்பாள். பாட்டைப் பற்றி மட்டும் ஒன்றும் பேசமாட்டாள். நான் உள்ளே வந்தால் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றி, போனைக் கவிழ்த்து வைப்பாள். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நான் குளிக்கப் போய்விடுவேன். லீடு இரண்டு முறை கூப்பிட்டான். வீட்டுக்கு வருகிறேன் என்றான். பிறகு பார்க்கலாம் என்றேன்.

ஏழு மாதம் கழித்து அவளுடைய முதல் ஆல்பம் வெளியானது. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், யார்டில் வேலை செய்கிற ஒருவர், "இது உங்க பொண்ணுதானே சார்?" என்று போனைக் காட்டினார். அன்று வெள்ளிக்கிழமை. ஊரோடு ஊராக நானும் கேட்டேன். ஆறு பாட்டு. மூன்றாவதாக ரயில்வே கேட் பாட்டு இருந்தது, அவள் குரலில், அவள் போட்ட மெட்டில். நாலாவது வரி ஏறியது. ஏறி, அங்கேயே நின்றது. லீடு பாடியதை ஊர் இன்னும் பாடிக்கொண்டிருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் இது வேறு. கன்டெய்னர் நிழலில் உட்கார்ந்து நான் அழுதேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை. பிறகு மூன்று புள்ளிகளை அழுத்தினேன். எழுத்து, இசை, குரல் எல்லாம் அவள் பெயர். அதற்குப் பக்கத்தில் கமா இல்லை. நன்றி என்ற இடத்தில் அம்மா பெயரும் தோழி பெயரும் இருந்தன.

சாயங்காலம் அவள் வந்ததும், கேட்டேன் என்றேன்.

"எப்டி கீது?"

"நல்லா கீதும்மா. ரொம்ப நல்லா கீது."

"எந்த எடம்?"

"நாலாவது வரி. அவன் பாட்ல வர்றத விட இதுதான். இப்டித்தான் இருக்கணும் அது."

உண்மையைத்தான் சொன்னேன். என் ஆயுளில் அதைவிட உண்மையாக ஒன்றைச் சொன்னதில்லை. அவள் செருப்பைக் கழற்றாமல் நின்று என் முகத்தைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், மறுபடி கண்ணைப் பார்த்தாள். நான் சும்மா அவளைச் சமாதானப்படுத்தச் சொல்கிறேனா, இதற்குள்ளும் வேறு ஏதாவது வைத்திருக்கிறேனா என்று தேடினாள்.

"சரி நைனா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் நம்பவில்லை.